வார்டனும் கார்டியனும்

மாணவர் விடுதியிலிருந்து இரவில் வெளியே செல்ல வார்டனிடம் அனுமதி பெறவேண்டும் என்பதும், பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தின் அடியில் தகப்பனாரோ கார்டியனோ கையொப்பமிடவேண்டும் என்பதும் நம் நாட்டில் படித்தவர் அனைவருக்கும் பழக்கமானவை. முன்னவர் ஒரு கட்டிடத்தையும் அதன் கட்டுப்பாட்டையும் காப்பவர். பின்னவர் ஒரு குழந்தையைக் காப்பவர். முன்னவருக்குக் கண்டிப்பும் பின்னவருக்குப் பரிவும் இயல்பு என்பதாக ஒரு சித்திரம் நம் மனத்தில் படிந்திருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் சரித்திரத்தில் இவ்விரு பதவிகளும் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக நடந்துவந்த வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால், அந்தச் சித்திரம் பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது. தந்தையை இழந்த பாலகனின் தோப்பை வெட்டி விற்றுப் பணமாக்கிக்கொண்ட கார்டியன்களையும், தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் எங்கே உறங்குகிறார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு குண்டு விழுந்த இரவில் ஓடி உதவிய வார்டன்களையும் அச்சரித்திரத்தில் நாம் காண்கிறோம். காப்பவர் எவராயினும் அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனால்தான் இந்த வரலாறு விளங்கும் என்பது என் துணிபு.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோம சாம்ராஜ்யம் சிதைந்தபின் பிரான்சின் வட பகுதியில் குடியேறிய பிராங்குகள் என்னும் ஜெர்மானிய இனத்தார், பார்த்திருத்தல், காத்தல் என்ற பொருளுடைய சொல் ஒன்றைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். வகர ஒலியில் தொடங்கிய அச்சொல் வடக்கு ஓரத்தில், அதாவது நார்மண்டிப் பக்கத்துப் பேச்சில், அவ்வாறே நிலைத்தது. பாரிஸைச் சுற்றிய பேச்சிலோ ககர ஒலி பெற்று மாறிற்று. 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபோது அவனுடைய வீரர்களோடு வகரச் சொல் கடல் கடந்தது. பிற்பாடு பாரிஸ் வழக்கு அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய மொழியாக மதிப்புப் பெற்ற காலத்தில் ககரச் சொல்லும் வந்து சேர்ந்தது. ஒன்றே இரண்டாக வந்ததை ஆங்கிலம் தள்ளிவிடவில்லை; இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. கடைக்காரர்கள் இன்று நமக்குத் தரும் வாரண்டியும் காரண்டியும் இதே விதமாகப் பிரிந்த இரட்டையர்தாம். நகராட்சியிலும் ஆஸ்பத்திரியிலும் நாம் சொல்கிற வார்டு என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. காவலுக்கு உட்பட்ட ஒரு பகுதியை அது குறிக்கும். சட்டத்தில் காவலுக்கு உட்பட்ட மைனரைக் குறிக்கும். லத்தீனில் எழுதிய அக்காலத்து எழுத்தர்கள் எல்லைக் காவலரையும் குழந்தைக் காவலரையும் வேறுபடுத்தாமல் இருவரையும் கஸ்டோஸ் என்றே எழுதினார்கள். ஆகவே பேதம் சொல்லில் பிறந்ததன்று; உத்தியோகத்தில் பிறந்தது.

வார்டன் உத்தியோகம் எல்லைகளில் வேரூன்றியது. பிரான்சை நோக்கிய தென்கிழக்குக் கடற்கரையில் ஹேஸ்டிங்ஸ், நியூ ராம்னி, ஹைத், டோவர், சாண்ட்விச் என்னும் ஐந்து துறைமுகங்கள் ஒரு கூட்டமாக இணைந்திருந்தன. அரசருக்கென்று நிரந்தரமான கடற்படை இல்லாத அந்தக் காலத்தில், ஆண்டுக்குப் பதினைந்து நாட்கள் 57 கப்பல்களை, கப்பல் ஒன்றுக்கு 21 ஆட்களும் ஒரு பையனுமாகத் தங்கள் சொந்தச் செலவில் அனுப்பவேண்டும் என்பது அத்துறைமுகங்களின் கடமை. அதற்குப் பிரதியாக வரிவிலக்கும் சொந்த நீதிமன்றங்களும் அவற்றுக்குக் கிடைத்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக இருந்தவர் லார்டு வார்டன். டோவர் கோட்டையின் அதிகாரமும் அவரிடமே இருந்தது. துறைமுகங்களில் பல மணல் மேவித் தூர்ந்து போயின. பதவி மட்டும் தூரவில்லை. வெல்லிங்டன் பிரபு இப்பதவியில் இருந்தபடியே 1852-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-இல் வால்மர் கோட்டையில் காலமானார். சர்ச்சில் 1941-இல் இதை ஏற்று இறக்கும்வரை வகித்தார். கௌரவம் மிகுந்த பதவி. ஆயினும் வேலை என்று சொல்லத்தக்கது அதற்குள் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

வடக்கு எல்லையின் வார்டன்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே கடலிலிருந்து கடல்வரை நீண்ட மலைப்பாங்கான பிரதேசத்தைக் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்றாகப் பிரித்து, எல்லைக்கு இப்புறம் மூவரும் அப்புறம் மூவருமாக வார்டன்களை இரு அரசர்களும் நியமித்திருந்தார்கள். அப்பிரதேசத்தின் ஜீவனோபாயத்தில் பெரும்பகுதி மாடு திருடுவது. இலையுதிர் காலத்து நீண்ட இரவுகளில் குதிரைமேல் ஏறிப் போய் அடுத்த பள்ளத்தாக்கின் மந்தையை ஓட்டி வருவதும், மாட்டைப் பறிகொடுத்தவர் துரத்திச் செல்வதும் பரம்பரைத் தொழிலாக இருந்தன. துரத்துவதற்கும் சட்டம் இருந்தது. கொள்ளை நடந்த ஆறு நாட்களுக்குள், ஈட்டியின் நுனியில் எரியும் புல்மண் கட்டியைக் குத்திப் பிடித்துக்கொண்டு, வேட்டைநாய் குரைக்க, ஊரார் அறியும்படி போனால் எல்லையைத் தாண்டியும் போகலாம். அந்த நெருப்பு, வருகிறவன் திருடனல்லன், திருட்டுக் கொடுத்தவன் என்பதற்கு அடையாளம். வழியில் அதைக் கண்டவர்கள் துணை போகக் கடமைப்பட்டவர்கள்.

இரு தரப்பு வார்டன்களும் குறித்த நாளில் குறித்த இடத்தில் சந்தித்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்வார்கள். அன்றைக்குச் சூரியோதயம் முதல் மறுநாள் சூரியோதயம் வரையில் எவரையும் எவரும் பிடிக்கலாகாது என்பது சத்தியம். 1596-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்படிப்பட்ட ஒரு சந்திப்பு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த கின்மாண்ட் வில்லி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பேர்பெற்ற கொள்ளைக்காரனை ஆங்கிலேயத் துணை வார்டனின் ஆட்கள் துரத்திப் பிடித்து, மேற்குப் பிரிவின் வார்டனான ஸ்க்ரோப் பிரபுவின் கார்லைல் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். அவன் யோக்கியன் என்று எவரும் வாதாடவில்லை. ஆனால் சத்தியம் மீறப்பட்டது. ஸ்காட்லாந்துத் தரப்பில் லிட்ஸ்டேல் பள்ளத்தாக்கின் காவலராக இருந்த பக்ளூ பிரபு, முறையாகக் கேட்டும் விடுதலை கிடைக்காமற்போகவே, ஏப்ரல் 13-ஆம் தேதி இரவு மழையிலும் இருட்டிலும் சிறு படையோடு வந்து கோட்டைக்குள் புகுந்து அவனை மீட்டுக்கொண்டு போனார். எலிஸபெத் ராணியின் கோபம் இரு ராஜ்யங்களின் உறவையே குலைக்கும் அளவுக்கு வளர்ந்தது. இச்சம்பவத்தில் நான் கவனிப்பது ஒன்றுதான். கார்லைல் வார்டன் ராணிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பக்ளூ தம் அரசருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மாட்டைப் பறிகொடுத்த குடியானவனுக்கோ இருவரில் எவரும் பதில் சொல்லவேண்டியதில்லை. எல்லை காக்கப்பட்டது; எல்லையில் வாழ்ந்தவன் காக்கப்படவில்லை.

அந்தப் பதவி முடிந்த விதமும் விசித்திரமானது. 1603-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் தேதி விடியற்காலையில் எலிஸபெத் ராணி மறைந்தபோது, நடுப் பிரிவின் வார்டனாயிருந்த ராபர்ட் கேரி, அடுத்த அரசராகும் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸுக்குச் செய்தி சொல்ல லண்டனிலிருந்து குதிரையில் புறப்பட்டார். வழியில் விழுந்து, குதிரையின் உதையால் தலையில் இரத்தம் பெருகியும் நிற்காமல், மூன்றாம் நாள் இரவு எடின்பரோ அரண்மனையில் மண்டியிட்டார். இரண்டு கிரீடங்களும் ஒரே தலையில் அமர்ந்தபின் நடுவில் எல்லை ஏது? எல்லை வார்டன்களின் உத்தியோகம் அத்துடன் ஒழிந்தது.

கார்டியன் கதைக்கு வருவோம். நிலமானிய முறையில் அரசருக்குப் படைத்தொழில் செய்வதாக ஒப்பி நிலம் பெற்ற பிரபு ஒருவர், வயது வராத மகனை விட்டு இறந்துபோனால், அச்சிறுவன் படைக்குப் போக முடியாதாகையால், அவன் 21 வயது அடையும்வரை நிலம் அதை அளித்த மேலதிகாரியின் கைக்குப் போகும். சிறுவனும் நிலத்தோடு போவான். அவனுக்குச் சோறும் துணியும் கொடுத்தது போக மீதி வருமானம் அனைத்தும் காப்பவருக்குச் சொந்தம். அவனுக்கு விவாகம் செய்துவைக்கும் உரிமையும் காப்பவருடையதே. அந்த உரிமையைச் சரக்குப்போல விலைக்கு விற்கவும் செய்யலாம். தாய் உயிரோடிருந்தாலும் அவளிடம் கேட்கவேண்டியதில்லை. பிள்ளை வளர்ந்து வந்தபின் அவனுக்குக் கணக்குக் காட்டவும் வேண்டியதில்லை. காப்பவர் என்ற பெயர் இருந்தது. அதன் பொருள் நிலத்தை அனுபவிப்பவர் என்பதே.

எனவே 1215-இல் ஜான் அரசரிடம் பிரபுக்கள் வற்புறுத்திப் பெற்ற மகாசாசனத்தின் தொடக்கத்திலேயே, நான்காம் ஐந்தாம் ஷரத்துக்களில், இந்தக் காவலைப் பற்றிய நிபந்தனைகள் இடம் பெற்றதில் வியப்பில்லை. காப்பவர் நியாயமான வருமானத்தை மட்டுமே எடுக்கலாம். ஆட்களையும் உடைமையையும் நாசம் செய்யலாகாது. வீடு, தோட்டம், மீன்குளம், ஏரி, ஆலை ஆகியவற்றை வருமானத்திலிருந்தே பழுதுபார்த்து வரவேண்டும். பிள்ளை வயதுக்கு வந்தபோது ஏர், கலப்பை முதலானவற்றோடு நிலத்தைத் திருப்பித் தரவேண்டும். இவ்வளவு நுணுக்கமாகக் கலப்பை வரையில் எழுதவேண்டியிருந்தது என்றால், கலப்பையையும் விட்டுவைக்காத காவலர்களை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள் என்பது வெளிப்படை.

படைத்தொழிலன்றி வாரமோ குத்தகையோ கொடுத்து நிலம் வைத்திருந்த எளியவர்களிடத்தில் இதைவிட நல்ல ஒரு முறை நிலவியது; அதை விரிவாகவே சொல்லவேண்டும். அங்கே சிறுவனின் காவல் மேலதிகாரிக்குப் போவதில்லை, உறவினருக்கே போகும். உறவினரிலும், அந்த நிலத்துக்கு ஒருகாலும் வாரிசாக முடியாதவருக்குத்தான் போகும். நிலம் தந்தைவழியில் வந்ததானால் தாய்வழியாரும், தாய்வழியில் வந்ததானால் தந்தைவழியாரும் காப்பார்கள். குழந்தை இறந்தால் தனக்கு லாபம் என்ற நிலையிலுள்ளவன் கையில் குழந்தையை ஒப்புவிக்கலாகாது என்ற மனித சுபாவத்தை அறிந்த ஞானம் அதில் இருக்கிறது. 1267-ஆம் ஆண்டு மார்ல்பரோ சட்டம் அதற்கு மேலும் ஒரு படி சென்று, பிள்ளை வயதுக்கு வந்ததும் காப்பவர் அவனுக்கே கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்று விதித்தது. காக்கப்பட்டவன் முன்னால் காத்தவன் கணக்குப் புத்தகத்தோடு நிற்கவேண்டும் என்ற இந்த விதி எளியவர்களின் நிலத்தில் முளைத்தது என்பதையும், பெரிய பிரபுக்களின் பிள்ளைகளுக்கு அது நாலு நூற்றாண்டுகள் கிட்டவில்லை என்பதையும் நினைத்தால் ஆச்சரியமாகவே இருக்கிறது.

நாலு நூற்றாண்டு என்பது மிகையன்று. எட்டாம் ஹென்றி 1540-இல் வார்டுகளின் நீதிமன்றம் என்றே ஒரு ஸ்தாபனத்தை நிறுவி, தகப்பனில்லாப் பிள்ளைகளின் காவலை அரசாங்க வருமானமாக்கினார். எலிஸபெத்தின் பிரதம மந்திரியாக விளங்கிய வில்லியம் செஸில் 1561 முதல் 1598-இல் இறக்கும்வரை அதன் தலைவர். ஆக்ஸ்போர்டு பிரபுவின் மகன் எட்வர்டு டி வியர், தந்தையை இழந்து 12 வயதில் லண்டனிலுள்ள செஸிலின் மாளிகைக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவனுக்கு நல்ல ஆசிரியர்களும், பெரிய புத்தகசாலையும், ஒழுங்கான தினசரிப் பாடமும் கிடைத்தன. செஸில் கல்வியில் மெய்யான பற்றுள்ளவர். இதை மறுப்பது அநியாயம். 1571-இல் அந்தப் பையன் செஸிலின் மகள் ஆன் என்பவளை மணந்துகொண்டான். மணவாழ்க்கை நன்றாக அமையவில்லை. காப்பவரே மாமனாராகவும், நீதிமன்றத் தலைவராகவும், அரசியின் மந்திரியாகவும் இருக்கும்போது அப்பிள்ளையின் சார்பில் கேள்வி கேட்கக்கூடியவர் யார்?

உள்நாட்டுப் போரின்போது 1646-இல் பார்லிமெண்ட் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தது. மன்னராட்சி திரும்பியபின் 1660-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிசெய்து, தன் பிள்ளைக்குக் கார்டியன் யார் என்று உயில் மூலம் நியமிக்கும் உரிமையைத் தகப்பனுக்கு வழங்கியது. அரசர் இழந்த வருமானத்தை ஈடுகட்ட பீர், ஆப்பிள் மது, காப்பி, தேயிலை முதலிய பானங்களின்மேல் வரி போட்டார்கள். பெரிய நிலக்கிழார்களின் பிள்ளைகள் விடுதலை பெற, அதற்கான தொகையைச் சாராயக்கடைக்கு வந்த கூலிக்காரன் கொடுத்தான்.

அடுத்த நூற்றாண்டில், வார்டன் பதவி எவ்வளவு தாழக்கூடும் என்பதை லண்டன் ப்ளீட் சிறைச்சாலை காட்டிற்று. கடன் கட்ட முடியாதவர்களை அடைக்கும் அந்தச் சிறையின் வார்டன் உத்தியோகம் விலைக்கு வாங்கும் சொத்து. 1728-இல் தாமஸ் பாம்பிரிட்ஜ் என்பவர் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து 5,000 பவுன் கொடுத்து அதை வாங்கினார். வாங்கியவர் முதலை மீட்கவேண்டுமல்லவா? கைதிகளிடமிருந்தே மீட்டார். அறைக்கு வாடகை, விலங்கைத் தளர்த்தக் கட்டணம், கொடுக்க முடியாதவர்களுக்குத் தனி வாதை. ராபர்ட் காஸ்டல் என்ற கட்டிடக்கலை எழுத்தாளர், கேட்ட பணத்தைக் கொடுக்க வழியில்லாததால், பெரியம்மை பரவியிருந்த ஒரு காவல் வீட்டுக்கு மாற்றப்பட்டார். தமக்கு அம்மை வந்ததில்லை என்று மன்றாடியும் பயனில்லை. அங்கேயே அம்மை கண்டு இறந்தார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஓகில்தார்ப் பார்லிமெண்ட் அங்கத்தினர். 1729-இல் அவர் தலைமையில் ஒரு குழு சிறைக்கே சென்று விசாரித்தது. ஓவியர் ஹோகார்த் அக்காட்சியைத் தீட்டியிருக்கிறார். பாம்பிரிட்ஜின்மேல் தொடர்ந்த கொலை வழக்கு நிற்கவில்லை. பதவியிலிருந்து மட்டும் அவரைச் சட்டம் இயற்றி நீக்கினார்கள்.

இத்தனை இருட்டுக்கும் நடுவே, கிராமத்து மாதாகோவிலின் வார்டன்கள் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஈஸ்டர் சமயத்தில் ஊரார் கூடித் தேர்ந்தெடுக்கும் இருவர், சம்பளம் இல்லை, நம் கோவில் தர்மகர்த்தாக்களைப்போல மணிக்கயிற்றுக்கும் கூரை ஓட்டுக்கும் மெழுகுவத்திக்கும் ஆன செலவை எழுதிவைத்து, ஆண்டு முடிவில் ஊரார் முன்னிலையில் கணக்கைப் படித்துவிட்டு விலகவேண்டும். 1601-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் வந்தபோது ஊர் ஏழைகளின் பராமரிப்பும் அவர்கள் தலையில் ஏறியது. ஒரு விதவைக்குக் கொடுத்த செருப்பையும், ஒரு கிழவனுக்குப் போட்ட விறகையும் அவர்களுடைய ஏடுகள் விலையோடு பதிந்துவைத்தன. இங்கிலாந்தின் கிராம வாழ்வை ஆராய்கிற சரித்திராசிரியர்கள் அரச சாசனங்களுக்கு நிகராக இந்த ஏடுகளை மதிக்கிறார்கள். அது சரியான மதிப்பு என்றே எனக்கும் தோன்றுகிறது.

அந்த ஊர்முறை செலவு மிகுந்ததென்று கருதி, 1834-இல் புதிய ஏழைகள் சட்டம் செய்தார்கள். பல ஊர்களைச் சேர்த்து ஒன்றியங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரிகொடுப்போர் தேர்ந்தெடுக்கும் ஒரு சபை. அந்தச் சபையின் பெயர் ஏழைகளின் கார்டியன்கள். உதவி வேண்டுவோர் உழைப்பு விடுதிக்குள் வந்துவிட வேண்டும். வாசலில் கணவனும் மனைவியும் பிரிக்கப்படுவார்கள், குழந்தைகள் தனி. வெளியில் மிகக் குறைந்த கூலி வாங்குகிறவனுடைய வாழ்வைவிட உள்ளே இருப்பது கடினமாக இருக்கவேண்டும் என்பது அறிந்தே வகுத்த கொள்கை. ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் ஊரின் விடுதியில் ஆண்களுக்கு எலும்பை இடித்து உரமாக்கும் வேலை. பசி பொறுக்கமாட்டாமல் அவர்கள் அந்த அழுகின எலும்புகளில் ஒட்டியிருந்த தசைநாரையும் மச்சையையும் கடித்துத் தின்றார்கள், அதற்காகத் தங்களுக்குள் சண்டையிட்டார்கள் என்ற செய்தி 1845-இல் பார்லிமெண்டுக்கு எட்டிற்று. விசாரணையின் முடிவில், நாடு முழுவதையும் மேற்பார்த்த கமிஷனே 1847-இல் மாற்றப்பட்டது.

அந்தக் கார்டியன்கள் யாவரும் கல்நெஞ்சர் அல்லர். ஆண்டோவர் அக்கிரமத்தை முதலில் எடுத்துப் பேசியவர் அந்தச் சபையிலேயே இருந்த ஒருவர். குற்றம் அமைப்பில் இருந்தது. அவர்கள் வரிகொடுப்போரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், கணக்கு வரிகொடுப்போருக்கு, செலவு குறைந்தால் பாராட்டு, கூடினால் வசை. உதவி பெறுகிறவனுக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. ஏழைகளின் காவலர் என்று பெயர் பெற்றவர்கள் வரிப்பணத்தின் காவலர்களாகவே இருந்தார்கள். 1875-இல் கென்ஸிங்டனில் மார்த்தா மெரிங்டன் என்ற பெண்மணி முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் பெண்கள் சபைகளில் நுழையத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1894-இல் மான்செஸ்டரின் சார்ல்டன் ஒன்றியத்துக் கார்டியனானபோது, ஏழெட்டு வயதுச் சிறுமிகள் மெல்லிய ஆடையோடு குளிர்ந்த கற்றளத்தை முழந்தாளிட்டுத் தேய்த்துக் கழுவுவதைக் கண்டார். சட்டம் செய்யும் இடத்தில் பெண்கள் இல்லாதவரை இது தீராது என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது. அந்தச் சபைகள் 1930 ஏப்ரலில் கலைந்தன.

ஏழாண்டுகள் கழித்து, 1937-இல், விமானத் தாக்குதலை எதிர்பார்த்து இங்கிலாந்து ஒரு புதிய வார்டன் படையை அமைத்தது. கடைக்காரர், ஆசிரியர், இல்லத்தரசி என்று தெருவுக்குத் தெரு தொண்டர்கள், பெரும்பாலோருக்கு ஊதியமில்லை. 1939 செப்டம்பரில் விளக்கு மறைப்பு அமலுக்கு வந்தபோது, ஜன்னல் இடுக்கில் ஒளி கசிகிறதென்று கதவைத் தட்டும் இவர்களை மக்கள் வெறுத்தார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 7 முதல் லண்டன்மீது இரவு தவறாமல் குண்டு விழத் தொடங்கியதும் அந்த வெறுப்பு மாறிவிட்டது. இன்ன வீட்டில் மூன்று பேர், அவர்களில் கிழவி மாடிப்படியின் கீழ் உறங்குவாள், எதிர்வீட்டார் நேற்று ஊருக்குப் போய்விட்டார்கள் என்ற விவரம் அந்தத் தெருவின் வார்டனிடம் இருந்தது. இடிபாட்டைத் தோண்ட வருகிறவர்கள் அவரைக் கேட்டே எங்கே தோண்டுவதென்று முடிவுசெய்தார்கள். இதைப் போன்ற வார்டன்கள் சென்னையிலும் இருந்தார்கள். ஜப்பானியர் வருகிறார்கள் என்று 1942 ஏப்ரலில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டுப் போனதைக் கண்ட பெரியவர்களுக்கு விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கையைக் குறித்த ஏ.ஆர்.பி. என்ற மூன்றெழுத்து மறந்திராது. தெருவைக் காக்க நியமித்தவர்கள் மனிதர்களைக் காத்தார்கள். காரணம் எளிது: அவர்கள் பதில் சொல்லவேண்டியிருந்தது மறுநாள் காலையில் அதே தெருவில் எதிர்ப்படும் அண்டை வீட்டாருக்கு.

நம் நாட்டுக்கு இவ்விரண்டில் முதலில் வந்தது கார்டியன் முறைதான். இங்கிலாந்தில் ஒழிந்த வார்டுகளின் நீதிமன்றம், அதே பெயரோடு, 1804-ஆம் ஆண்டின் ஐந்தாம் ரெகுலேஷன் மூலம் சென்னை ராஜதானியில் தோன்றிற்று. ஜமீன்தார் மைனரை விட்டு இறந்தால் ரெவினியூ போர்டே அந்த நீதிமன்றமாகி, கலெக்டர் வழியாக ஜமீனை நடத்தும். ஜமீன் செலுத்தவேண்டிய பேஷ்குஷ் என்னும் கப்பம் தவறாமல் வசூலாகவேண்டும் என்ற சர்க்காரின் கவலையும் அதில் கலந்திருந்தது. ஆயினும் இங்கே கணக்கு இருந்தது. பழைய கடன் அடைக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் படிப்புக் கிடைத்தது. ராமநாதபுரத்தில் 1873-இல் தந்தையை இழந்த பாஸ்கர சேதுபதி அந்தக் காவலில் ஆங்கிலமும் தமிழும் கற்று, 1889-இல் சமஸ்தானத்தை ஏற்றார். விவேகானந்தர் சிகாகோ செல்லத் தூண்டுதலும் துணையும் அளித்தவர்களில் அவர் முதன்மையானவர். கைக்கு வந்த ஜமீன் சில ஆண்டுகளுக்குள் அவருடைய ஈகையாலும் செலவாலும் மீண்டும் கடனில் அமிழ்ந்தது. கணக்கைப் பிறர் பார்த்துக்கொண்டிருக்க வளர்ந்த பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் கைவரவில்லை என்று இதைக் கருத இடமிருக்கிறது. மைனர் ஜமீன்தார்கள் தங்கிப் படித்த சென்னைத் தேனாம்பேட்டையின் நியூயிங்டன் மாளிகையில், 1919 அக்டோபரில், அதன் தலைவராயிருந்த டி லா ஹே இரவில் சுட்டுக் கொல்லப்பட்டதும், வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானதும் இந்த வரலாற்றின் சோகமான அத்தியாயம். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கார்டியனா வார்டனா என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

இவ்வளவு காலமும் தாயைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பார். இங்கிலாந்தில் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர், கணவர் தம் மூன்று ஆண்குழந்தைகளைப் பிரித்துக்கொண்டு போனபின், தமக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லையென்று அறிந்து நடத்திய போராட்டத்தின் பயனாக, 1839-இல்தான் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றாயிற்று. தந்தை இறந்தால் தாய் கார்டியனாவாள் என்பது 1886-இல் வந்தது. குழந்தையின் நலமே தலையாயது என்பது 1925-இல். நம் நாட்டில், தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க எழுத்தாளர் கீதா ஹரிஹரன் கார்டியனாகக் கையொப்பமிட்டு விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். தந்தை உயிரோடிருக்கையிலும், அவர் பொறுப்பில் இல்லாதபோது, தாய் கார்டியனாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் அவருடைய வழக்கில் தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் நியமிக்கும் கார்டியன்களுக்கு 1890-ஆம் ஆண்டின் கார்டியன்கள், வார்டுகள் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் இருபதாம் பிரிவு, கார்டியன் தன் பதவியால் லாபம் அடையலாகாது என்கிறது. இருபத்தொன்பதாம் பிரிவு, நீதிமன்றத்தின் அனுமதியின்றி மைனரின் நிலத்தையும் வீட்டையும் விற்கலாகாது என்கிறது. முப்பத்துநான்காம் பிரிவு, நீதிமன்றம் கேட்டால் ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலும், குறித்த காலங்களில் வரவு செலவுக் கணக்கும் கொடுக்கவேண்டும் என்கிறது. அண்ணன் பிள்ளைக்கோ, அக்காள் பிள்ளைக்கோ, தகப்பனில்லாத பேரனுக்கோ உரிய சொத்தைக் கையில் வைத்திருக்கும் அன்பர்கள், கோர்ட்டார் நியமித்தாலும் நியமிக்காவிட்டாலும், அந்த முப்பத்துநான்காம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு, கேட்பார் வருமுன்னரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கை எழுதத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.